துரை ஏரி, கோழிக் கரண்டு

மின்சாரம் வருவதற்கு முன்பே சேலம் ஜில்லாவில் ஓர் எரிசக்தித் துறை இயங்கிவந்தது. எழுத்தர், கோப்பு எதுவும் கிடையாது. மொத்தச் சிப்பந்தியும் இரண்டு காளைகள்தான். கிணற்றுமேட்டுச் சரிவில் அவை இறங்கினால் தோல்பறி தண்ணீரோடு மேலே வரும். பின்னோக்கி நடந்து ஏறினால் பறி உள்ளே போகும். தட்டைத் தீனியில் ஓடி, தண்ணீர் இறைத்து, போகிறபோக்கில் எருவும் போட்ட அந்தக் கவலை இறைப்புக்கு மானியம் கொடுக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் துரைமார் வந்தார்கள். கர்னல் எல்லீஸ் மேட்டூரில் அணை கட்டத் திட்டம் போட்டு 1910-ல் நீட்டினார். கிட்டத்தட்ட அதே நேரம், காவிரியில் அதற்கு மேலே, மைசூர்க்காரர்கள் கண்ணம்பாடியில் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நடுவர் தீர்ப்பு, மேல்முறையீடு, இழுபறி என்று ஓடி, 1924-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. காவிரிச் சண்டை தீர்ந்துவிட்டது என்று இரு தரப்பும் மனதார நம்பியது அநேகமாக அந்த ஒரு வருஷம்தான். 1925-ல் தொடங்கிய அணை 1934-ல் முடிந்தது. 120 அடி மட்டம், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு. திறந்துவைத்த கவர்னர் ஸ்டான்லியின் பெயர் நீர்த்தேக்கத்துக்கு. எல்லீஸின் பெயர் பதினாறு கண் உபரிநீர்ப் போக்கிக்கு. ஆக, திட்டம் போட்டவருக்கு மிச்சத் தண்ணீர், நாடா வெட்டியவருக்கு முழு ஏரி.

அணை நம்மிடம், பாசனம் தஞ்சாவூருக்கு. மூழ்கியதும் நம் பண்ணவாடிப் பக்கத்து ஊர்கள்தான். இன்றைக்கும் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயில் நந்தியும் மாதாகோயில் கோபுரங்களும் தலையை நீட்டும். நந்திக்குக் காற்று வந்தால் தஞ்சாவூர் மிராசுதாருக்கு மூச்சு முட்டும். பின்னாளில் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களில் சேலம், நாமக்கல், ஈரோடு மூன்றுக்கும் சேர்த்து 45,000 ஏக்கருக்குத் தண்ணீர் விட்டார்கள். பந்தலுக்கு இடம் கொடுத்தவனுக்குக் கடைசிப் பந்தி.

1937-ல் அணையடியில் மின்நிலையம் வந்தது. எப்படியும் தஞ்சாவூருக்குப் போகிற தண்ணீர்தானே, போகிற வழியில் சக்கரத்தையும் சுற்றிவிட்டுப் போகட்டும் என்ற செட்டு யோசனை. செலவே இல்லாத எரிபொருள், சாம்பலும் இல்லை. ருசி கண்டபின் விடுவோமா? 1965-ல் சுரங்க மின்நிலையம், 200 மெகாவாட். பிறகு செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று வழியெல்லாம் கதவணைகள். ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட். ஒரே தண்ணீரிடம் இத்தனை முறை வேலை வாங்கிய முதலாளி வேறெங்கும் இருக்க முடியாது.

ஒரே சிக்கல், தஞ்சாவூரில் நாற்று விட்டால்தான் மேட்டூரில் விளக்கு எரியும். கணக்குப்படி ஜூன் 12-ல் மதகைத் திறந்து ஜனவரி 28-ல் மூட வேண்டும். குடகில் மழை ஏமாற்றினால் எந்தத் தேதியும் செல்லாது. ஆகவே 1987-ல், அதே மேட்டூரில், அனல் மின்நிலையம் வந்தது. ஒடிசாவில் வெட்டிய நிலக்கரியைக் கப்பலில் ஏற்றி, துறைமுகத்தில் இறக்கி, ரயிலில் கொண்டுவந்து, காவிரிக்கரையில் வைத்து எரித்தோம். 840 மெகாவாட், பிற்பாடு இன்னொரு 600. ஆறு கேட்காத கூலியை நிலக்கரி ஒவ்வொரு மூட்டைக்கும் கேட்டது, சாம்பலையும் நம் தலையில் கொட்டியது. அப்படியும் 2012-ல் மின்வெட்டு நேரத்தை விட்டுவிட்டு மின்சாரம் இருக்கும் நேரத்தைக் குறித்துவைப்பதுதான் சுலபமாக இருந்தது.

காற்று என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வாயுபுத்திரன் 18 அடி உயரத்தில், கூரையே வேண்டாம் என்று நிற்கிற ஊர் நாமக்கல். ஆனாலும் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைகள் 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில்தான் சுற்றின. பிறகு முப்பந்தல், உடுமலை என்று கணவாய்க் காற்று அடிக்கும் இடமாகப் பார்த்துப் போய்விட்டன. ஆஞ்சநேயர் சிபாரிசு செய்யவில்லை.

சூரியனை மட்டும் சேலத்துக்காரன் விடவில்லை. 1943 வாக்கில், யுத்தத்தால் மலேயா ஜவ்வரிசி நின்றுபோன சமயம், மாணிக்கம் செட்டியாரும் பொபட்லால் ஷாவும் குச்சிக்கிழங்கில் ஜவ்வரிசி செய்ய வழி கண்டார்கள். அதிலிருந்து சேலம், ஆத்தூர், ராசிபுரம் எங்கும் சேகோ பேக்டரிக் களங்கள். மாவையும் ஜவ்வரிசியையும் பரப்பிக் காயவைக்கும் அந்தச் சிமென்ட் களம், கண்ணாடித் தகடு இல்லாத சோலார் நிலையம். பில் கிடையாது. மேகம் வந்தால் மட்டும் முதலாளி வானத்தைப் பார்த்துச் சில வார்த்தைகள் சொல்வார். அதை இங்கே அச்சிட முடியாது.

பேக்டரிக் கழிவுநீரோ பஸ் ஜன்னலைச் சாத்தவைத்தது. நாற்றத்தைத் திட்டிக்கொண்டே பல வருஷம் போனது. அப்புறம்தான் குட்டையை மூடி வாயுவைப் பிடித்தால் அடுப்பும் எஞ்சினும் ஓடும் என்று உறைத்தது. 1997-ல் தனி மாவட்டமான நாமக்கல்லும் அடுத்த பத்து, பன்னிரண்டு வருஷத்துக்குள் இதே வித்தையைப் பெரிதாகச் செய்துகாட்டியது. கோழிப்பண்ணை எருவை நொதிக்கவைத்து, கிளம்பும் வாயுவில் எஞ்சினை ஓட்டி, மின்சாரம் எடுத்தார்கள். மிச்சச் சக்கை வயலுக்கு உரம்.

என் ஓட்டு கோழிக்குத்தான். அதற்கு மதகு திறக்க வேண்டாம், ஜூன் 12 வேண்டாம். எரு போடுவதற்குக் கர்நாடகத்தின் சம்மதமும் வேண்டாம். அது தின்கிற மக்காச்சோளம் மட்டும் கர்நாடகத்திலிருந்தும் வருகிறது, நாமக்கல் லாரியில், டீசல் போட்டு.