கயிற்றின் நிறம்

சென்னையை அடுத்த குத்தம்பாக்கத்துக்கு 1996-ல் ஊராட்சித் தலைவரானவர் இளங்கோ, கெமிக்கல் இன்ஜினீயர். ஊருக்கு வேண்டிய எண்ணெய், சோப்பு, பருப்பை அக்கம்பக்கத்து ஊர்களே தயாரித்தால் வேலையும் காசும் இங்கேயே தங்கும் என்றார். நல்ல யோசனை, எல்லோரும் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டு, சோப்பை டவுனில் வாங்கிக்கொண்டார்கள்.

பக்கத்து இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டையில் கணக்கே வேறு. ஒரே கன்வேயர், ஒரே போல்ட், ஒரே ஸ்பேனர். பர்மனென்ட் ஆள் முடுக்கினால் ஒரு சம்பளம், கான்ட்ராக்ட் பையன் முடுக்கினால் வேறு சம்பளம். திறமை கையில் இல்லை, அடையாள அட்டைக் கயிற்றின் நிறத்தில் இருக்கிறது போலும்!

வேலைக்குச் சேரப் போனால் முதல் கேள்வி, “எந்த ஊரு?” கம்பெனி கேட்டுக்கு எதிர் வீடு என்றால் போச்சு. உள்ளூர்க்காரன் சங்கம் வைப்பான், ஆடிமாதக் கூழுக்கு லீவு கேட்பான். நிலம் மட்டும் உள்ளூராக இருக்கலாம். ஆகவே தம்பி, பயோடேட்டாவில் முகவரியைக் கொஞ்சம் தள்ளியே போடுங்கள்.