கட்டை வைத்த எழுத்து

சேலம் – நாமக்கல் சாலையில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் படிக்கப் பஞ்சமில்லை. நேஷனல் பர்மிட், குலதெய்வம் துணை, முதலாளி பிள்ளைகளின் பெயர், எல்லாமே கொட்டை எழுத்தில். அதிலும் அந்த ஆங்கில ‘ஐ’யைக் கவனியுங்கள். ஒற்றைக் கோடாக நின்றால் போதும். ஆனால் தலைக்கு ஒரு பலகை, காலுக்கு ஒரு பலகை வைத்து, பயில்வான் மாதிரி நிற்கும்.

ஸ்லாப் செரிஃப் என்கிற இந்த ரகம் 1810-களில் லண்டனில் வின்சென்ட் ஃபிகின்ஸின் வார்ப்படச் சாலையில் அச்சுக்கு வந்தது. புத்தகம் படிக்க அல்ல. சுவரில் ஒட்டும் நோட்டீஸ் தெருவையே கூப்பிட வேண்டும் என்பதற்காக. 1845-இல் ராபர்ட் பெஸ்லி ‘கிளாரண்டன்’ என்ற எழுத்தைப் பதிவு செய்தார். மூன்று வருடம்தான் பாதுகாப்பு. கெடு முடிந்ததும் ஆளாளுக்குக் காப்பி. நாமக்கல் பாடி பட்டறைப் பக்கம் அந்த மூன்று வருட மரியாதையும் கிடையாது. பக்கத்து வண்டியில் நன்றாக இருந்தால் சாயங்காலத்துக்குள் இந்த வண்டியிலும் வந்துவிடும்.

அங்கே ஒரு பெயின்டர் வேலை செய்வதை நின்று பார்த்தேன். சாக்பீஸ் தடவிய நூலைப் பலகையில் இழுத்துப் பிடித்துச் சுண்டினார். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. நடுவே மஞ்சள் எனாமல். காய்ந்ததும் இடப்பக்கம் சிவப்பு ஷேடு. ஆங்கிலம் சுலபமாக முடிந்தது. ‘ஆஞ்சநேயர் துணை’யில்தான் திணறல். தமிழ் எழுத்து சுழியிலேயே பிழைக்கிறது. அதற்குச் சதை போட்டால் ‘ஞ’வின் வயிறு அடைத்துக்கொள்ளும், ‘ணை’ மூச்சுவிடாது. தூரிகையை நிறுத்தி, துணியை விரலில் சுற்றி, அடைத்த இடத்தைத் துடைத்து ஒரு சன்னல் திறந்தார்.

“கொஞ்சம் ஒல்லியா எழுதலாமே?”

“ஏனுங்க, அறுபதுல போற வண்டிங்க. ஒல்லியா எழுதுனா சாமிக்கே தெரியாதுங்க.”

நம்பர் பிளேட்டில் இந்தச் சுதந்திரம் கிடையாது. எழுத்து 65 மில்லிமீட்டர் உயரம், 10 மில்லிமீட்டர் தடிமன் என்று சட்டம் முழம்போட்டு வைத்திருக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பின் வரும் வண்டிகளுக்கு அழுத்தி எடுத்த தகடுதான். பெயின்டருக்கு மிஞ்சியது சாமியும் பிள்ளைகளும்.

இந்த எழுத்துக்குக் குணம் ஒன்றே ஒன்று: ரகசியம் பேசத் தெரியாது. ‘விற்பனைக்கு’, ‘நிறுத்தாதே’ போன்றவற்றுக்குப் பொருந்தும். கல்யாணப் பத்திரிகையில் போட்டால் மாப்பிள்ளை வீட்டார் மிரட்டுவது போலிருக்கும். ‘கண்ணீர் அஞ்சலி’யில் போட்டால் இறந்தவர் தேர்தலில் நிற்கிறார் என்றே தோன்றும்.

இவ்வளவும் தெரிந்துதான் என் வீட்டுப் பெயர்ப்பலகையை அவரிடமே கொடுத்தேன். மஞ்சள் எழுத்து, சிவப்பு ஷேடு. “ஊட்டு முன்னால லாரி ஆபீஸ் போர்டு எதுக்குங்க?” என்றாள் மனைவி. மாட்டிய வாரமே காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

“சங்ககிரிக்கு லோடு ஏதாச்சும் இருக்குதுங்களா?”