எந்தச் ‘சித்தி’?

அம்பத்தூர் ஓ.டி. வீட்டில் ஹார்டு டிஸ்க் நிரம்பி வழிந்தது. சினிமாவுக்கு மட்டும் ஒரு பட்டியல் போட்டு, சீரியல்களை வடிகட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பத்து நிமிட வேலை. இன்றோடு மூன்றாவது ஞாயிறு.

பெயரை வைத்துப் பிரிக்கலாமென்றால், நம் சீரியல்காரர்கள் பழைய படங்களின் பெயர்ப் பலகையைக் கழற்றி வந்து தங்கள் வாசலில் மாட்டுகிறார்கள். ‘சித்தி’ 1966-இல் பத்மினி, 1999-இல் ராதிகா. ‘மௌன ராகம்’ 1986-இல் மணிரத்னம், 2017-இல் விஜய் டிவி. ‘ரோஜா’, ‘செம்பருத்தி’, ‘அண்ணாமலை’ மூன்றுமே 1992-இல் படங்கள். மூன்றுமே பிறகு சீரியல்கள். என் மென்பொருள் சன் டிவி ‘ரோஜா’வின் எபிசோடுகளுக்கெல்லாம் அரவிந்த்சாமி போஸ்டரை ஒட்டிவைத்தது.

சரி, ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தவை வெளியே என்றேன். ‘மகா சங்கமம்’ என்று இரண்டு குடும்பங்களைச் சேர்த்து அழவிட்ட நீள எபிசோடுகள் சினிமாவாகிவிட்டன. என் கல்யாண வீடியோவும்தான். (ஓடும் நேரம் மூன்று மணி, கதை கிடையாது, தகுதி இருக்கிறது.) கோப்புப் பெயரிலாவது எபிசோடு எண் இருக்குமா? அம்மா சேமித்தவை எல்லாம் ‘நேத்து பார்த்தது’.

பூந்தமல்லி தாண்டி செம்பரம்பாக்கம் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் சினிமாவும் எடுக்கிறார்கள், பிக் பாஸ் வீடும் போடுகிறார்கள். எங்கள் பக்கத்து மண்ணே வடிகட்டுவதில்லை.

“‘கோலங்கள்’ எங்கடா?” என்றார் அம்மா. 2003-இலிருந்து 2009 வரை ஓடியது. திரும்ப இறக்கிக்கொண்டிருக்கிறேன்.