தொண்டுக்கு ஆள் எடுக்கிறார்கள்

பி.எட். முடித்துவிட்டீர்களா டீச்சர்? வாழ்த்துகள். ஒரு வருடத்தில் முடித்துவிடக்கூடிய படிப்பாக இருந்தது அது. 2015-லிருந்து இரண்டு வருடமாக்கினார்கள், தரம் கூட வேண்டுமென்று. ஃபீஸ் கூடியது நிச்சயம். இனி உங்கள் மாவட்டத்துக் கலைக்கல்லூரி எதிலாவது தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் நடக்கும். வாசலில் ஃபிளெக்ஸ் கட்டியிருப்பார்கள். அதில் முகங்கள் பெரிதாகவும் விவரம் பொடி எழுத்திலும் இருக்கும். சம்பளம் எவ்வளவு என்று தேடினால், 'தகுதிக்கேற்ற ஊதியம்' என்று போட்டிருக்கும். யாருடைய தகுதி என்பது மேஜைக்குப் போனதும் தெரியும்.

அந்த முகாமுக்கு எப்படித் தயாராவது என்று யூடியூபில் ஆயிரம் பேர் சொல்லித் தருகிறார்கள். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டுமாம், பலம் பலவீனம் கேட்டால் பலவீனத்தையே பலம்போலச் சொல்ல வேண்டுமாம். அதெல்லாம் ஐ.டி. பையன்களுக்கு. உங்களுக்கான பாடத்திட்டம் வேறு.

முதலில் ஃபைல். ஜெராக்ஸ் ஐந்து செட் எடுத்துக்கொள்ளுங்கள், அசலை வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். "சும்மா வெரிஃபிகேஷனுக்குத்தான் மேடம்" என்று நீளும் கை, வாங்கியதைத் திருப்பித் தராது. பத்தாம் வகுப்பிலிருந்து பி.எட். வரை அத்தனையும் தாளாளர் அறை அலமாரிக்குப் போய்விடும். நடுவில் வேலையை விட்டால் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு மீட்டுக்கொள்ள வேண்டும். அடகுக் கடைக்காரராவது பொருளை வாங்கிக்கொண்டு பணம் தருவார், ரசீதும் தருவார். இங்கே பொருளும் உங்களுடையது, கட்ட வேண்டிய பணமும் உங்களுடையது.

அடுத்து டெமோ கிளாஸ். பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். போர்டு இருக்காது. மேஜைக்கு அந்தப் பக்கம் தாளாளர், அவருடைய மனைவி (அவர்தான் டைரக்டர்), பக்கத்தில் வாயே திறக்காத பிரின்சிபால். "ஒளிச்சேர்க்கை எடுங்க, இங்கிலீஷ்ல" என்பார்கள். நீங்கள் பச்சையத்தைத் தொடும் நேரத்தில் தாளாளருக்கு போன் வரும். சிமென்ட் லோடு பற்றிப் பேசுவார். முடித்துவிட்டு, "சப்ஜெக்ட் ஓகே, ஃப்ளூயன்ஸி பத்தலயேம்மா" என்று அவருக்குத் தெரிந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் ஒரே வாக்கியத்தில் செலவழிப்பார். பதில் பேசாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தின் விலை மாதம் இரண்டாயிரம் ரூபாய். உங்கள் சம்பளத்தில்தான் கழியும்.

அப்புறம் சொந்தக் கேள்விகள். கல்யாணம் ஆகவில்லை என்றால், "ஆனதும் போயிடுவீங்களே?" ஆகிவிட்டது, குழந்தை இல்லை என்றால், "வருஷ நடுவுல பிரசவ லீவு கேட்டா என்ன பண்றது?" கைக்குழந்தை இருந்தால், "அதுக்குக் காய்ச்சல், இதுக்குத் தடுப்பூசின்னு லீவு போடுவீங்க." குழந்தை வளர்ந்துவிட்டதென்றால், "ஏஜ் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே மேடம்." அவர்கள் தேடும் டீச்சர் பிறந்திருக்கவும் கூடாது, பெற்றிருக்கவும் கூடாது.

"டெட் பாஸா?" என்ற கேள்வி வரும். கவனம். 2010 ஆகஸ்டில் தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் அறிவிக்கை போட்டது: ஒன்று முதல் எட்டு வரை பாடம் நடத்த ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) கட்டாயம். தனியார் பள்ளிக்கும் அது பொருந்தும். அதனால் "பாஸ்" என்று சொன்னால் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். "அப்ப கவர்ன்மென்ட் போஸ்டிங் வந்ததும் கிளம்பிடுவீங்க" என்று சம்பளத்தைக் குறைப்பார்கள். "பாஸ் பண்ணல" என்றால், "தகுதியே இல்லாதவங்களுக்கு எப்படிம்மா கொடுக்கிறது" என்று இன்னும் குறைப்பார்கள். போஸ்டிங் வரும் என்று அந்தத் தாளாளர் நம்புகிறார் பாருங்கள், அதுதான் மனத்தைத் தொடும். அரசாங்கத்தின் மீது இவ்வளவு நம்பிக்கை உள்ளவர்கள் நாட்டில் குறைந்துவிட்டார்கள்.

2013-ல் டெட் எழுதித் தேறியவர்களைக் கேளுங்கள். தேறியதும் வேலை என்று நினைத்தார்கள். வெயிட்டேஜ் என்றது அரசு: டெட்டுக்கு 60, பட்டத்துக்கு 15, பி.எட்.டுக்கு 15, பிளஸ் டூ மார்க்குக்கு 10. அதற்குப் பத்துப் பதினைந்து வருடம் முன்னால், மார்க்கை வாரி வழங்காத காலத்தில் பிளஸ் டூ முடித்தவர்கள் பின்னால் போனார்கள். அடிபிடி போராட்டம் நடந்து, 2018-ல் அந்த முறையை எடுத்தார்கள். எடுத்த கையோடு, தகுதித் தேர்வில் தேறியவர்கள் இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்று அரசாணை 149-ஐப் போட்டார்கள். தகுதி இருக்கிறது என்று அரசே சான்றிதழ் கொடுத்தவருக்கு, தகுதி இருக்கிறதா என்று பார்க்க அரசே வைக்கும் தேர்வு. 2021-ல் அந்தச் சான்றிதழ் ஏழு வருடத்துக்கு மட்டுமல்ல, ஆயுளுக்கும் செல்லும் என்று டெல்லியிலிருந்து அறிவிப்பு வந்தது. ஆயுளுக்கும் செல்லும். வேலை மட்டும் செல்லுபடியாகவில்லை. 2023-ல் நியமன வயது வரம்பைப் பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்த்தினார்கள். ஓய்வு வயது 60. சேர்ந்த அன்றே பிரிவுபசார விழாவுக்கும் மாலை சொல்லிவிடலாம், ஒரே ஆர்டராகக் கொடுத்தால் விலை குறையும்.

இதற்கிடையில் 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு வருடத்துக்குள் டெட் தேற வேண்டும் என்றது. ஆக, தேறியவர்களுக்கு வேலை இல்லை. வேலையில் இருப்பவர்கள் பலர் தேறவில்லை. நிர்வாகம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் தூக்கம் வராமல்.

சரி, மேஜைக்குத் திரும்புவோம். "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" நீங்கள் எச்சிலை விழுங்கிக்கொண்டு இருபதாயிரம் என்பீர்கள். தாளாளர் கோபப்பட மாட்டார். பரிதாபமாகப் பார்த்து, "கவர்ன்மென்டே எவ்வளவு தருதுன்னு தெரியுமாம்மா?" என்பார். இந்த இடத்துக்குத்தான் நீங்கள் நன்றாகத் தயாராக வேண்டும். ஏனென்றால் அவர் சொல்வது பொய் இல்லை.

2012-ல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள், ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி சொல்லித்தர. மாதம் 5,000 ரூபாய். மே மாதச் சம்பளத்துக்கு அவர்கள் பள்ளிக் கல்வித் துறையின் நுங்கம்பாக்கம் டி.பி.ஐ. வளாகத்து வாசலில் உட்கார்ந்து உட்கார்ந்து அந்தத் தரை தேய்ந்துபோயிருக்கும். மே மாதம் பள்ளி இல்லை, அதனால் சம்பளம் இல்லை என்றார்கள். வயிற்றுக்கும் கோடை விடுமுறை என்று எந்தப் பாடப்புத்தகத்தில் படித்தார்களோ. 2022 ஜூனில் 13,331 காலியிடங்களைத் தற்காலிகமாக நிரப்பலாம் என்றார்கள். இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000. அந்த 7,500-ஐ ஞாயிறு கழித்து 26 நாளால் வகுத்துப் பார்த்தேன். நாளுக்கு 288 ரூபாய் சொச்சம். அதே ஆண்டு தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு அறிவித்த கூலி 281. அந்த வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னும் கூட்டிக் கொடுக்க வேண்டும், அது வேறு. ஆனால் இடைநிலை ஆசிரியரின் இரண்டு வருட டிப்ளமோவுக்கு அரசாங்கம் போட்ட விலை என்ன தெரியுமா டீச்சர்? ஏழு ரூபாய் சொச்சம். டீ வடைக்குக்கூடப் பற்றாது.

தாளாளர் அந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார். போட வேண்டிய அவசியமும் இல்லை. சந்தையில் விலை நிர்ணயிப்பவர் வேறொருவர், தாளாளர் அதைப் பின்பற்றும் நல்ல குடிமகன். அரசு பத்தாயிரம் என்றால் அவர் ஒன்பதாயிரத்தில் ஆரம்பிப்பார், வேன் ஃப்ரீ என்பார். அந்த வேன் ஃப்ரீ எதற்கென்று பிறகு தெரியும். காலை ஆறரைக்கு ஏறி, நாற்பது பிள்ளைகளை எண்ணி ஏற்றி, மாலை ஆறுக்குக் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு நீங்கள் இறங்க வேண்டும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் நோட்டீஸ் கட்டோடு தெருத்தெருவாக அட்மிஷன் பிடிக்கப் போக வேண்டும். தலைக்கு இத்தனை சேர்க்கை என்று கணக்கு. பிடிக்காவிட்டால் மே மாதச் சம்பளம் இல்லை. சில இடங்களில் கையெழுத்து ஒரு தொகைக்கு, கையில் ஒரு தொகை. பேங்கில் போட வேண்டிய கட்டாயம் வந்த பிறகு முழுச் சம்பளமும் போடுகிறார்கள், மிச்சத்தை எடுத்துக் கவரில் வைத்து ஆபீஸ் ரூமில் கொடுத்துவிட வேண்டும். கேட்டால், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டுப் பணம் இன்னும் வரவில்லை என்பார்கள். டெல்லி தரவில்லை என்று சென்னையும், சென்னை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று டெல்லியும் சண்டை போடும். கடைசியில் அந்தச் சண்டைச் செலவு உங்கள் கவரிலிருந்து போகும்.

ஒழுங்காகச் சம்பளம் தரும் பள்ளிகளும் இருக்கின்றன, இல்லாமல் இல்லை. முகாமில் மேஜை போட்டு உட்காரும் அவசியம் அவற்றுக்கு இல்லை.

'இதைக் கேட்கச் சட்டம் இல்லையா?' என்று உங்களுக்குத் தோன்றும். இளரத்தம். கோவாவில் வேலையை இழந்த சுந்தராம்பாள் என்ற ஆசிரியையின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் தொழிலாளி அல்ல என்று 1988-ல் தீர்ப்பு. கல்வி புகட்டுவது உன்னதப் பணியாம். உன்னதம் என்று சொல்லிவிட்டால் லேபர் கோர்ட்டுக்குப் போக முடியாது. 1996-ல் ஹரியானா வழக்கில், குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குள் ஆசிரியரைக் கொண்டுவர முடியாது என்றார்கள். அதே பள்ளியின் கிளார்க்குக்கும் பியூனுக்கும் அந்தச் சட்டம் இருந்தது. 2004-ல் பணிக்கொடையும் கிடையாது என்று ஆனது. நாடாளுமன்றத்துக்கே பொறுக்காமல் 2009-ல் சட்டத்தைத் திருத்தி, 1997 முதல் உண்டு என்றது. பள்ளி நிர்வாகங்கள் விட்டனவா? அதையும் எதிர்த்து வழக்காடி 2022-ல்தான் தோற்றன. பிள்ளைகளுக்கு 'எழுத்தறிவித்தவன் இறைவன்' என்று சுவரில் எழுதிவைத்திருக்கும் நிர்வாகங்கள்தான். இறைவனுக்கு எதற்குப் பணிக்கொடை, உண்டியல் போதாதா என்று நினைத்திருப்பார்கள்.

இந்த முகாமில் உங்கள் மேஜைக்குப் பக்கத்து மேஜை செக்யூரிட்டி கம்பெனியாக இருக்கலாம். தொப்பி போட்டு நின்றால் எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஓ.டி. என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். கொடுக்கிறார்களோ இல்லையோ, சொல்லவாவது செய்கிறார்கள். உங்கள் மேஜையில் ஓ.டி. என்று வாயெடுத்தால், "டீச்சிங் ஒரு தொண்டும்மா" என்று பதில் வரும். தாளாளர் ஃபீஸ் வாங்கும்போது அது தொண்டு இல்லை. பஸ் ஃபீஸ், புக் ஃபீஸ், யூனிஃபார்ம், ஸ்மார்ட் கிளாஸ் எதுவும் தொண்டு இல்லை. ரசீதுப் புத்தகத்தில் தொடங்கி பேருந்து டயர் வரை எல்லாம் வியாபாரம். சம்பளப் பதிவேட்டைத் திறக்கும்போது மட்டும் பள்ளிக்கூடத்துக்குள் தொண்டு நுழைந்துவிடுகிறது. செப்டம்பர் 5 அன்று உங்களுக்கு ஒரு ரோஜாவும் பேனாவும் கொடுப்பார்கள். பேனாவுக்குப் பிள்ளைகளிடம் வசூல் செய்ததும் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

அதனால் கடைசியாக ஒரு பயிற்சி. கண்ணாடி முன்னால் நின்று நான்கு கேள்விகளைக் குரல் நடுங்காமல் கேட்டுப் பழகுங்கள். சம்பளம் எவ்வளவு, ஆர்டரில் எழுதித் தருவீர்களா, மே மாதம் உண்டா, பி.எஃப். உங்கள் பங்கையும் என் சம்பளத்தில்தான் பிடிப்பீர்களா. கேட்டால் அந்த மேஜையில் வேலை கிடைக்காது, அது நிச்சயம். பின்னால் வரிசையில் நிற்கும் நூறு பேரும் கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குப் பார்க்க ஆசை. இதுவரை யாரும் பார்த்ததில்லை, ஏனென்றால் நமக்கு முன்னால் நிற்கிறவள் கேட்கும்போது நாம் ஃபைலைச் சரி செய்துகொண்டிருக்கிறோம், அவள் நகர்ந்தால் நம் முறை வருமே என்று.

மதியம் மூன்று மணிக்கு மேடைக்குக் கூப்பிடுவார்கள். மந்திரியோ எம்.எல்.ஏ.வோ வந்து, தேர்வானவர்களில் பத்துப் பேருக்குப் பணி நியமன ஆணை கொடுப்பார். ஆணையில் சம்பளக் கட்டம் காலியாக இருக்கும். போட்டோவில் அது தெரியாது. மைக்கில் இன்றைய முகாமில் இத்தனை பேருக்கு வேலை என்று அறிவிப்பார்கள், மறுநாள் பேப்பரில் வரும். உங்களுக்குப் பக்கத்தில் கைதட்டும் அக்கா போன வருட முகாமில் இதே மேடையில் ஆணை வாங்கியவர். மூன்று மாதச் சம்பளம் பாக்கி, சான்றிதழ் இன்னும் அலமாரியில், ஜெராக்ஸை வைத்துக்கொண்டு மறுபடி வந்திருக்கிறார். வேலை பெற்றோர் கணக்கில் அவர் இரண்டாவது முறையாகச் சேர்ந்துவிட்டார்.