ஐந்தடிக்குள் என்ன ஓட்டம்?

டேபிள் டென்னிஸ் மேசையின் அகலம் 1.525 மீட்டர், அதாவது ஐந்தடி. ஐந்தடிக்குள் ஓட என்ன இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நாற்பதைத் தாண்டிய பிறகு மட்டையைத் தொட்டேன். கையில் பழுதில்லை. பந்து எங்கே வரும் என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தச் சேதி வயிற்றைச் சுற்றிக் காலுக்குப் போய்ச் சேருவதற்குள் பந்து கோழிக்கூட்டுக்குக் கீழே கிடக்கும்.

கொஞ்ச நாள் காற்றில் பழிபோட்டேன். நிந்தவூரில் கச்சான் வீசும் காலத்தில் 2.7 கிராம் பந்து விறாந்தையில் நேராக எங்கே போகும்? மகன் ஒப்பவில்லை. “வாப்பா, காத்து பந்தைத்தான் தள்ளுது. உங்கள ஆர் புடிச்சி வெச்சிரிக்கிற?”

பாடம் தொடங்கியது. தோளகலத்தைவிடச் சற்று அகட்டிக் கால் வைக்க வேண்டும். முழங்காலை மடக்கி, உடல் பாரத்தை முன்பாதத்தில் போட வேண்டும். சாரன் உடுத்தவனுக்கு முதல் நிபந்தனையே பெரும் சோதனை. பிறகு, கால்கள் பின்னாமல் பக்கவாட்டில் நகர்ந்து, அடித்ததும் அடுத்த பந்துக்குத் தயாராக வேண்டும். குசினியிலிருந்து மனிசி எட்டிப் பார்த்து, “இஞ்சேருங்க, நண்டு புடிக்கவா போறீங்க?” என்றாள்.

சுவீடனின் பால்கன்பெரி என்ற ஊரின் பெயரில் ஒரு பயிற்சி உண்டு. முதல் பந்து இடது மூலைக்கு வரும். பேக்ஹேண்டில் அடிக்க வேண்டும். இரண்டாவதும் அங்கேதான், ஆனால் சுற்றிப் போய்ப் போர்ஹேண்டில் அடிக்க வேண்டும். மூன்றாவது வலது கோடிக்கு. நான் சுற்றிப் போன இடத்தில் ஒரு கதிரை கிடந்தது. மூன்றாவது பந்து வந்தபோது நான் அதில் இருந்தேன்.

சென்னை சரத் கமல் 2022 பேர்மிங்காம் பொதுநலவாயப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றபோது வயது 40 என்று வீட்டில் எடுத்துச் சொன்னேன். “அவரும் பகல் சோத்துக்குப் பொறகு அசருக்கு வாங்கு சொல்லுமட்டும் படுக்கிறவரா?” என்று கேட்டாள். அந்த விபரம் என்னிடம் இல்லை.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். பாதி மேசைதானே என்று இரட்டையருக்கு மட்டும் இறங்கிவிடாதீர்கள். அங்கே சோடிக்காரர் இருவரும் மாறி மாறித்தான் அடிக்க வேண்டும் என்பது சட்டம். அடித்தவர் உடனே விலகாவிட்டால் மச்சான்மாருக்குள் மனஸ்தாபம் வரும். ஒற்றையர் என்றால், நின்ற இடத்தில் நின்றே தோற்கலாம்.