நாலு கன்றும் நாற்பது விரலும்

என் கஞ்சாச் சாடியில் இன்னும் விரல் விட்டுப் பார்க்காத தமிழர் எவராவது ஸ்காபரோவில் மிச்சமிருந்தால், தயவுசெய்து நாளை இரவுக்குள் வந்து விட்டுவிட்டுப் போகவும். திங்கட்கிழமை விக்ரோரியா நாள். அன்றைக்கு நான் கன்று நட வேண்டும்.

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நீண்ட வார இறுதிக்கென்று மொன்றியலில் இருந்து மனுசியின் தம்பி வந்திறங்கினார். ஆறு மணித்தியாலம் கார் ஓடி வந்த மனிதர் அக்காவைப் பார்க்கவில்லை, தேத்தண்ணி கேட்கவில்லை, நேரே பின்வளவுக்குப் போனார். ஏப்ரல் முழுக்க நான் சலித்து, கலந்து, நனைத்து வைத்திருந்த துணிச்சாடிக்குள் சுட்டுவிரலை இரண்டாம் மூட்டு வரை இறக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். விரலை வெளியே எடுத்துப் பெருவிரலோடு சேர்த்து உருட்டினார். மூக்கடிக்குக் கொண்டுபோனார்.

“அத்தான், மண் சரியில்லை.”

இவருடைய தகுதியையும் சொல்லிவிட வேண்டும். 2018 அக்டோபர் 17 அன்று கனடா முழுவதும் சட்டம் வந்தது. வீட்டுக்கு நாலு கன்று வளர்க்கலாம் என்றார்கள். எங்கள் ஒன்ராறியோ சரி என்றது. கியூபெக் மாகாணம் ஒரு கன்றும் கூடாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், கியூபெக்கின் தடை செல்லும் என்று 2023 இல் தீர்ப்பும் வந்துவிட்டது. ஆகவே நாட்டின் அதியுயர் நீதிமன்றமே இந்த விஷயத்தில் கைவைக்காதே என்று சொல்லிவிட்ட மனிதர்தான் என் சாடிக்குள் கைவைத்திருக்கிறார்.

நான் புகைப்பதில்லை. பக்கத்து வீட்டில் இருந்து அந்த வாசம் வந்தாலே யன்னலைச் சாத்துகிறவன். ஆனால் சட்டம் வீட்டுக்கு நாலு என்கிறது. வருசா வருசம் சொத்து வரியை ஒரு சதம் குறையாமல் கட்டுகிறவன், கிடைத்த நாலையும் சும்மா விட்டுக்கொடுப்பதா? அறுவடையை முப்பது வயது மகன் பார்த்துக்கொள்வான். அதன் பிறகு நடப்பது எனக்குத் தெரியவும் வேண்டாம். மனுசி கஞ்சா என்று வாயால் சொல்லமாட்டாள். “அதுக்குத் தண்ணி விட்டாச்சோ?” என்பாள். கோயில் ஆட்கள் வந்தால் ‘அது’ செவ்வந்தி ஆகிவிடும். செவ்வந்திக்கு ஏன் ஆளுயர வேலி என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் விரலோடு வருகிறார்கள்.

வெளியில் கஞ்சா வளர்க்க நினைப்பவர் வசந்தத்தில் தவறாமல் செய்யவேண்டிய மிக முக்கியமான காரியம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முதல் இந்த விரல் விவகாரத்தை முடித்துக்கொள்கிறேன்.

விரல் விடுபவர்களில் பல சாதி. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணை ஒருவர் நகம் நனையும் அளவுக்கு மேல் இறக்கமாட்டார். கணக்கான மனிதர். “ஈரம் கூட” என்பார். அவர் போய் அரை மணித்தியாலத்தில் வரும் மச்சான் மணிக்கட்டு வரை இறக்கி, அடிமண்ணைக் கிளறி மேலே கொண்டுவந்து, “காஞ்சுபோய்க் கிடக்கு” என்பார். ஒரே சாடி, ஒரே மத்தியானம். பதினெட்டாம் மாடிக் கொண்டோவில் ஒரு துளசியைக்கூட உயிரோடு வைத்திராத என் பழைய வகுப்புத் தோழர் ஒருவர் நாலு விரலையும் ஒன்றாக விடுவார். விட்டுவிட்டு நாடி பிடித்த பரியாரியார் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் கையைக் கழுவப் போய்விடுவார். இந்த வகைதான் ஆபத்து. சொல்பவரோடு சண்டை பிடிக்கலாம். சொல்லாதவரை நினைத்து இரவில் நித்திரை வராது.

பெண்கள் விடமாட்டார்கள். புருசனை விடச்சொல்வார்கள். “என்னப்பா, நீங்கள் ஒருக்கா விட்டுப் பாருங்கோவன்.” அவரும் விடுவார். “எப்பிடி?” என்று அவள் கேட்பாள். அவர் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டுவார். என் வளவில் நின்றுகொண்டு என் மண்ணைப் பற்றி இரண்டு பேர் எனக்கு மேலால் பேசிக்கொள்வார்கள்.

யூரியூப்பில் படித்த பிள்ளைகள் வேறு ரகம். விரல் அவர்களுக்கு அசிங்கம். இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன பீஎச் மீற்றரைக் கொண்டுவந்து குத்துவார்கள். “ஆறு தசம் எட்டு, அங்கிள். ஆறு தசம் அஞ்சு இருக்கவேணும்.” ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் நின்றால் கஞ்சாவுக்குக் காணும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தசம் மூன்றைச் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முகத்தில் வந்த கவலையைப் பார்த்து, சுண்ணாம்பா கந்தகமா என்று நானே பதறிப்போனேன். அணிலும் வந்தது. ஸ்காபரோ அணில் புது மண்ணைக் கண்டால் விடாது. முன்னங்கால் இரண்டாலும் ஆழமாகத் தோண்டிப் பார்த்தது. வந்தவர்களில் முகத்தாலும் கருத்துச் சொல்லாமல் போனது அது ஒன்றுதான்.

நான் மட்டும் பெரிய யோக்கியனா? போன மாதம் பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் மூலையில் ஒரு சாடி இருந்தது. விட்டேன். பிளாஸ்ரிக் செடி. அடியில் இருந்தது ஸ்பொஞ். பக்கத்தில் இருந்தவர் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். “தண்ணி காணாது” என்றேன். அவரும் ஆமோதித்தார்.

விரலுக்குப் பிறகு வருவது கலவை. ஸ்காபரோ மண் களிமண். வசந்தத்தில் மண்வெட்டியோடு ஒட்டும், ஜூலையில் வெடிக்கும். கஞ்சா வேருக்குத் தண்ணீர் வடிய வேண்டும், காற்றும் வேண்டும். அதனால்தான் சாடி. அதனால்தான் அதற்குள் கொம்போஸ்ற், பேர்லைற், தும்புச்சோறு. ஊரில் தும்பு மில்லுக்குப் பக்கத்தில் மலையாகக் குவிந்து, யாராவது அள்ளிக்கொண்டு போனால் புண்ணியம் என்று கிடந்த அதே தும்புச்சோறுதான். இப்போது இலங்கையில் இருந்தும் பொள்ளாச்சிப் பக்கத்தில் இருந்தும் செங்கல் அளவுக்கு அழுத்திக் கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள். நான் டொலர் கொடுத்து வாங்கி, தள்ளுவண்டிலில் போட்டு வெந்நீர் ஊற்றினேன். கட்டி ஓரத்தில் வெடித்து, பொருமி, வண்டில் விளிம்பால் வழிந்தது. மொன்றியல்காரர் அதற்குள்ளும் விட்டார். “ஊர் மணம் வருது, அத்தான்” என்றார். இந்த வார இறுதியில் அவர் சொன்ன ஒரே உருப்படியான வசனம் அது.

உண்மையாகவே தோட்டம் தெரிந்தவர் ஒருவர்தான் வந்தார். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் புகையிலை செய்த பெரியவர், எண்பதைத் தாண்டியவர். அவர் மண்ணைத் தொடவில்லை. ஊன்றுகோலில் கை வைத்தபடி கேட்டார்: “தம்பி, குழை தாட்டனீயோ?”

ஊரில் புகையிலைக்கு முதல் பூவரசங்குழையை வெட்டிக் கட்டுக்கட்டாக மண்ணுக்குள் தாழ்ப்பார்கள். ஆட்டுப் பட்டி அடைப்பார்கள். பிறகுதான் கன்று. இங்கே பூவரசுக்கு எங்கே போவது, மேப்பிள்தான் என்றேன். “அதைத் தாழன்” என்றார். இலையுதிர் காலத்தில் கூட்டி வீதியோரம் வைக்கும் மேப்பிள் இலையை மக்கவிட்டுச் சேர்க்கலாம்தான். எந்தக் கடையும் விற்காத யோசனை. காசு செலவில்லாத யோசனை என்பதால் மகன் அதை நம்பவில்லை.

பிறகு பெரியவர் கேட்டார்: “எப்ப பூ முறிப்பாய்?”

புகையிலையில் இலைதான் காசு. பூ வந்தால் முறித்து எறிவார்கள். இதில் பூதான் எல்லாம், இலையைத்தான் எறிவது என்று விளக்கினேன். நுனியைக் கிள்ளுவது ஜூனில், கிளை விரிய. ஓகஸ்டில் இரவு போதிய அளவு நீண்டுவிட்டால் தானாகப் பூக்கும் என்றேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். ஒரு பயிரின் இலையை எறிந்துவிட்டுப் பூவை வைத்திருக்கும் மனிதனோடு இனி என்ன பேச என்று நினைத்திருப்பார். கேற்றடிக்குப் போனவர் திரும்பி வந்து, குனிய முடியாமல் குனிந்து, விரலை விட்டார்.

சொல்ல வந்தது எங்கோ போய்விட்டது. கன்றைப் பழக்குவதைப் பற்றியாவது சொல்கிறேன். நிலவறை விளக்கில் வளர்ந்த கன்றை நேரே வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும். முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் கொஞ்சம் கூட, இப்படி ஒரு வாரம் பத்து நாள். மே நடுப்பகுதியிலும் ரொறன்ரோவில் சில இரவுகளில் உறைபனி விழலாம். அதனால்தான் இந்த ஊர்ச் சனம் விக்ரோரியா நாள் வரை பொறுத்திருக்கிறது. கன்றை வெளியே வைத்து உள்ளே எடுக்கும் இந்தக் காவடியில் சாடி தூக்க எவரும் வருவதில்லை. விரல் உள்ளவர்களுக்கெல்லாம் நாரி நோ.

செப்டம்பரிலும் ஒருவரும் வரமாட்டார்கள். அப்போதுதான் உண்மையான விசயம் நடக்கும். பூ தடித்துவிடும். மழை தொடங்கும். சாம்பல் பூஞ்சணம் பூவின் நடுவில் இருந்து பிடிக்கும். வெளியால் பார்த்தால் தெரியாது. பச்சைக்குள் ஒரேயொரு சின்ன இலை பழுத்துக் காய்ந்து நிற்கும். மெல்ல இழுத்தால் தடையில்லாமல் கையோடு வரும். உள்ளே அழுகல். மண் ஆறு தசம் அஞ்சில் இருந்தாலும், குழை தாட்டிருந்தாலும், அது வரும். மழை விட்ட ஒவ்வொரு காலையும் கிளை கிளையாக உலுக்கித் தண்ணீரை இறக்க வேண்டும், பிடித்த பூவை அரிந்து எறிய வேண்டும். அக்டோபரில் வெட்டும் வரை இதுதான் வேலை.

வாசகர்களில் ஸ்காபரோக்காரர் இருந்தால் ஒரு வேண்டுகோள். மண் பார்க்க ஆள் போதும். செப்டம்பரில் மழை பெய்த மறுநாள், விடியக்காலை ஆறு மணிக்கு, மழைச் சப்பாத்தோடு வாருங்கள். பின் கேற் திறந்திருக்கும். தேத்தண்ணி நான் தருகிறேன்.