ஷெட்டுக்காரர்

கார் வைத்திருப்போரைத் தாமே ஓட்டுபவர், ஓட்டுநர் வைத்துக்கொள்பவர் என இரண்டாகப் பகுப்பது வழக்கமாயினும், இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாம் பிரிவினர் சிலர் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, கோபிசெட்டிபாளையம் போன்ற கொங்கு நாட்டு ஊர்களில் வாழ்ந்து வருகின்றனர். இவர்கள் காரை ஓட்டுவதில்லை, விற்பதுமில்லை, ஷெட்டில் வைத்திருக்கிறார்கள். ஷெட் எனப்படுவது, காருக்கென்று வீட்டின் பக்கவாட்டில் சிமென்ட் அட்டை வேய்ந்து கட்டப்பட்டு, நாளடைவில் தேங்காய் மூட்டை, உடைந்த கட்டில், கொட்டகை போட்டபின் மிஞ்சிய மூங்கில் ஆகியவற்றுக்கும் இடம் தந்து, இறுதியில் காரையும் அவற்றுள் ஒன்றாக ஏற்றுக்கொண்ட கட்டடம் ஆகும். அதன் உடைமையாளரை ஷெட்டுக்காரர் எனக் குறிப்பிடுவது பொருந்தும்.

ஷெட்டில் நிற்பது பெரும்பாலும் அம்பாசடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியின் வார்ப்பில், மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 1950களின் இறுதியில் உற்பத்தி தொடங்கி 2014இல் நின்றுபோன அந்த வண்டியை வாங்கியவர், பேரப்பிள்ளைகள் ‘அப்பாரு’ என்று அழைக்கும் ஷெட்டுக்காரரின் தந்தையார் என்பதும், அக்காலத்தில் முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தால்தான் வண்டி கைக்கு வரும் என்பதும், அவ்வீட்டில் ஒரு முறை காபி குடித்தவர் எவரும் அறிந்த வரலாறு. அன்று தந்தையார் வண்டிக்காகக் காத்திருந்தார். இன்று வண்டி மகனுக்காகக் காத்திருக்கிறது. பதிவு செய்து 15 ஆண்டு கடந்த சொந்தக் காருக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்ற விதிப்படி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் சென்றுவருவதே அதன் முதன்மையான பயணமாதலால், ஓடுவதற்கு அனுமதி வாங்குவதற்காக மட்டும் ஓடும் வண்டி என்று அதை வரையறுத்தால் பிழையாகாது.

மனிதர் பயன்படுத்தாத இடத்தைப் பிற உயிர்கள் பயன்படுத்தும் என்பது இயற்கை நியதி. அம்பாசடரை நாடி வருவோர் நால்வகையினர். முதலாமது சுண்டெலி, ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் இடைவெளி கிடைத்தாலே உள்ளே நுழைந்துவிடும் இது, 3 வாரம் சுமந்து ஒரே ஈற்றில் ஐந்தாறு குட்டிகளை ஈனுவதாலும், அக்குட்டிகளும் இரண்டு மாதத்துக்குள் குடும்பம் நடத்தத் தொடங்குவதாலும், காரின் முழு இருக்கை வசதியையும் பயன்படுத்தும் ஒரே இனம் எனலாம். இரண்டாமது, சுவரேறவும் கம்பியில் நடக்கவும் வல்ல வீட்டெலி. இது பானெட்டுக்குள் எஞ்சின்மீது தங்கும். மூன்றாமதாகிய பெருச்சாளி காருக்குள் ஏறாமல் ஷெட்டின் தரையைத் தோண்டி, பின்சக்கரம் ஒன்றைச் சற்றே கீழிறக்கிவிடும். நான்காமது மூஞ்சூறு, எலியைப் போலத் தோன்றினும் கொறிக்கும் இனத்தைச் சேராத இப்பூச்சியுண்ணி, கரப்பானைத் தேடி வந்து, தன் விலாப்புறச் சுரப்பியின் நெடியை விட்டுச் செல்கிறது.

காரின் துர்நாற்றம் பற்றி எவர் வினவினாலும் ஷெட்டுக்காரர் இந்த நான்காம் உயிரின் மீதே பழியைப் போடுவார். மூஞ்சூறு வழிப்போக்கர் என்பதும், பிள்ளையாரோடு தொடர்புடையது என்பதும், எலி இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதைவிட மூஞ்சூறு வந்துபோனது என்று சொல்வது குடும்பத்துக்குக் கௌரவம் என்பதும் அவர் கருத்து. வேதியியல் இதற்கு உடன்படுவதில்லை. எலியின் சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அம்மோனியா எழுகிறது. அதற்கு மேல், ஆண் சுண்டெலி தன் எல்லையை அறிவிக்கச் சொட்டுச் சொட்டாக இடும் சிறுநீரிலுள்ள ஒருவகைப் புரதங்கள் மணப்பொருள்களைப் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றன. ஆகவே அந்நாற்றம் தற்செயலாகத் தங்கியதன்று. நெடுநாள் நிற்க வேண்டும் என்ற நோக்கத்தோடு இடப்பட்ட உரிமைப் பத்திரம். பதிவுச் சான்றிதழில் ஷெட்டுக்காரரின் பெயரிருப்பதைச் சுண்டெலி அறியாது.

நாற்றத்தை நீக்க அவர் கையாளும் முறைகளைக் கால வரிசைப்படி காணலாம். முதலில் வருவது மணமூட்டல். சாம்பிராணி, ஊதுபத்தி, கண்ணாடியருகே தொங்கும் மல்லிகை மணப்புட்டி ஆகியவை தொடர்ந்து பயன்படுத்தப்பட்டு, மல்லிகையும் அன்று எலியும் அன்று எனத்தக்க மூன்றாவது ஒரு மணம் பிறக்கும். அடுத்தது விரட்டல்; மெக்கானிக்குகள் வழிவழியாகப் பரிந்துரைக்கும் புகையிலை பானெட்டுக்குள் கட்டப்படும்; பாச்சை உருண்டை எனப்படும் நாப்தலீன் இருக்கைக்கடியில் உருட்டிவிடப்படும். பூட்டிய காருக்குள் அதன் ஆவி நிறைவதால் தலைவலி வருவது எலிக்கல்ல, கதவைத் திறந்து பார்க்கும் உரிமையாளருக்கே. மூன்றாவதாக, மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பி எலியை ஓட்டும் எனக் கூறப்படும் மின்கருவி அவருடைய மகனால் வாங்கித் தரப்படும். இத்தகைய கருவிகளின் ஒலிக்கு எலிகள் விரைவில் பழகிவிடுகின்றன. பழகாதவர், அதற்கான மின்கட்டணத்தைக் கணக்கிடும் ஷெட்டுக்காரர் ஒருவரே.

இவற்றுக்குப் பின்னரே பொறி வருகிறது. மசால் வடையா, கருவாடா, சுட்ட தேங்காய்ச் சில்லா என்ற வாதத்தில் வீடே இரண்டுபடும். விழுந்த எலியைக் கொல்வது பிள்ளையாருக்கு அடுக்காது என்று மனைவியார் கூறவே, ஷெட்டுக்காரர் அதைப் பொறியோடு ஸ்கூட்டரில் ஏற்றி, ஊருக்கு வெளியே வாய்க்கால் மேட்டில் விட்டுவருவார். அம்பாசடர் எலியை விரட்டுவதற்கு அம்பாசடரைத் தவிர வேறொரு வண்டி தேவைப்படுகிறது என்ற உண்மை அவரை உறுத்துவதில்லை. இறுதி முறை நஞ்சு. நஞ்சுண்ட எலி தண்ணீர் தேடி வெளியே போய்த்தான் சாகும் என்ற பரவலான நம்பிக்கைக்கு மாறாக, அது டேஷ்போர்டின் பின்புறத்தில், எந்தக் கையும் எந்தக் குச்சியும் எட்டாத மூலையில் உயிர் விடும். அதன்பின் ஒரு திங்கள் வரை, முந்தைய நாற்றமே எவ்வளவோ மேல் என்று குடும்பத்தினர் அனைவரும் ஒருமனதாகக் கூறும் நிலை ஏற்படுவதால், நஞ்சு வைத்தலை நாற்ற நீக்கத்தில் சேர்க்காமல் நாற்ற ஒப்பீட்டில் சேர்ப்பதே முறை.

வேறு வழியின்றி, பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் ஒருநாள் காரை முழுமையாகத் துப்புரவு செய்யும் முடிவு எடுக்கப்படும். இதற்கென்று முறையான வழியொன்று உண்டு. எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரா என்னும் நுண்ணுயிர் எலிக்காய்ச்சலை உண்டாக்குவது தமிழ்நாட்டில் பலரும் அறிந்ததே. 1993இல் அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் மான் எலிகளின் வழியே ஹண்டா வைரஸ் நுரையீரல் நோய் கண்டறியப்பட்ட பின், எலிக்கூட்டை உலர்ந்த நிலையில் பெருக்கினால் எழும் தூசியே பெருங்கேடு என்பது உறுதியாயிற்று. எனவே கதவுகளை அரை மணி நேரமாவது திறந்து வைத்து, முகக்கவசமும் கையுறையும் அணிந்து, 1 பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 9 பங்கு நீர் கலந்து கூட்டின்மேல் தெளித்து, 5 நிமிடம் ஊறவிட்டு, ஈரத்தோடு அள்ளிப் பையிலிட்டுக் கட்ட வேண்டும். சிறுநீர் ஊறிய இருக்கைப் பஞ்சையும் தேங்காய் நாரையும் கழுவிப் பயனில்லை. அவற்றை எறிந்துவிட்டுப் புதிதாக அடைப்பதே தீர்வு. முடிவாக, காற்று நுழையும் வாய்களில் இரும்பு வலையும், சிறு துளைகளில் பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரும் அடைக்கப்பட வேண்டும்.

ஷெட்டுக்காரர் செய்வது வேறு. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஈர்க்குமாற்றோடு உள்ளே இறங்கும் அவரை, மனைவியின் அதட்டலும் ஒரு வாளி பிளீச்சிங் நீரும்தான் நோயிலிருந்து காக்கின்றன. பின்னிருக்கை கழற்றப்பட்டதும் அப்பணி அகழாய்வின் தன்மையை அடைகிறது. மேலடுக்கில் இவ்வாண்டு நாளிதழின் துணுக்குகளும் நிலக்கடலைத் தோலும் கிடைக்கும். அதனடியில், கார்க் கூரைத்துணியின் இழைகளால் நேர்த்தியாகப் பின்னப்பட்ட கூடு. அதற்கும் கீழே காலாவதியான காப்பீட்டுத் தாள், பழனிக்குப் போனபோது வாங்கிய திருநீற்றுப் பொட்டலம், யாருடையது என்று நினைவுக்கு வராத திருமண அழைப்பிதழின் மஞ்சள் தடவிய மூலை. ஒவ்வொன்றையும் எடுத்துத் தூசி தட்டி, அது தொடர்பான பயணத்தை விவரிக்கத் தொடங்கும் ஷெட்டுக்காரர் நண்பகலுக்குள் இருக்கையின் பாதியைக்கூடத் தாண்டுவதில்லை. எறிய வேண்டிய பொருள்களில் பெரும்பகுதி மாலையில் டிக்கிக்குள் மீண்டும் பத்திரப்படுத்தப்படும். எலிகளுக்கு அடுத்த ஆண்டுக்கான கட்டுமானப் பொருள் இவ்வாறே கிடைக்கிறது.

இத்தனை முறைகளுக்கும் புறத்தே எளியதொரு மருந்து உண்டு. அதை மெக்கானிக் ஆண்டுதோறும் சொல்கிறார்: “வாரத்துக்கு ஒருக்கா எடுத்து, ஆனமலை வரைக்கும் ஒரு ஓட்டம் ஓட்டீட்டு வாங்க, எலி தானாப் போயிருமுங்க.” அதிர்வும் இரைச்சலும் இடமாற்றமும் உள்ள இடத்தில் எலி எளிதில் கூடு கட்டாது என்பதால் இவ்வறிவுரை சரியானதே. ஷெட்டுக்காரர் இதைத் தலையசைத்து ஏற்பார். ஏற்றதன் அடையாளமாக ஞாயிறு காலையில் எஞ்சினை 5 நிமிடம் மட்டும் முடுக்கிவிட்டு நிறுத்துவார். அச்சிறு பொழுதில் பாட்டரி செலவழித்த மின்னாற்றல்கூட முழுதாகத் திரும்பும் என்பது உறுதியில்லை. மிஞ்சும் பயன், அன்றைய பொழுதுக்கு எஞ்சினில் தங்கும் இளஞ்சூடு. அது யாருக்குப் பயன்படுகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஓட்டாமைக்குக் காரணம் சோம்பலோ கஞ்சத்தனமோ அன்று. சாலையில் இறங்கினால் வண்டி வழியில் நின்றுபோகலாம். நின்றுபோனால், தந்தையார் வண்டி ஓடாது என்பது ஊரறிந்த உண்மையாகிவிடும். ஷெட்டில் நிற்கும்வரை அது எப்போது வேண்டுமானாலும் ஊட்டிக்குப் புறப்படக்கூடிய வண்டி. ஆகையால் “ஏனுங்க, காரை எடுக்கறதில்லையா?” என்று கேட்போருக்கு விடையாக ஏதேனும் ஒரு தடை எப்போதும் இருந்தாக வேண்டும், அத்தடையை ஆண்டு முழுதும் ஊதியமின்றி வழங்கிவருவது எலி. “எலிப் பிரச்சினை தீரட்டும், எடுத்தரலாம்” என்னும் வாக்கியத்தின் இரு பகுதிகளுள் அவர் உண்மையில் அஞ்சுவது இரண்டாம் பகுதிக்கே. மேலே கண்ட முறைகள் அனைத்தும் எலியைத் துன்புறுத்துமளவுக்குக் கடுமையாகவும், ஒழிக்காத அளவுக்கு மென்மையாகவும் அமைந்திருப்பதன் மருமம் இதுவே.

ஷெட்டில் அம்பாசடர் நிற்பதால், மகன் வாங்கும் புதிய கார் தெருவில் வேப்பமரத்தடியில் நிற்க நேர்கிறது. எலிகளுக்கு அது தொலைவன்று. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறித்துத் தேய்த்தாக வேண்டிய கட்டாயம் அதற்கு உண்டு. உணரிகளும் கணினிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் நிறைந்த இக்காலக் காரிலோ கொறிப்பதற்குக் கம்பிகள் ஏராளம். ஒருநாள் காலையில் புதிய கார் அசைய மறுத்து, பழுதுபார்ப்பு நிலையம் ஐந்திலக்கத் தொகையைச் சீட்டில் எழுதித் தரும்போது, ஷெட்டுக்காரர் முகத்தில் பல்லாண்டுகளாகக் காணாத பொலிவு தோன்றும். “உங்க அப்பாரு வாங்குன வண்டீல, கடிக்கறதுக்கு அத்தன ஒயரே கெடையாது பாத்துக்க” என்று அவர் மகனிடம் கூறுவது, அம்பாசடரின் பெருமைகளுள் இதுவரை எவரும் குறிப்பிடாத ஒன்றாகும். அன்று மாலையே பானெட்டைத் திறந்து, அங்கே கட்டியிருக்கும் புகையிலையில் சரிபாதியைப் பிரித்து மகன் கையில் கொடுத்து, அக்குடும்பத்தின் முதல் பாகப்பிரிவினையை அவர் நிறைவேற்றிவைப்பார்.